லெமான் இரவும் நாகசேனரின் விளக்கும்

1969 ஜூன் 15 பிற்பகலில், பிரான்ஸின் லெமான் ஓட்டப்பாதையில் 24 மணி நேரப் பந்தயம் முடிந்தபோது, ஜாக்கி இக்ஸ் ஓட்டிவந்த வெளிர்நீல ஃபோர்டு ஜிடி40 கார் முதலில் கோட்டைக் கடந்தது. இரண்டாவதாக வந்த ஹான்ஸ் ஹெர்மானின் போர்ஷே 908 அதற்குச் சுமார் 120 மீட்டர்தான் பின்னால். ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் ஓடி முடித்த இரண்டு வண்டிகளுக்கு இடையே அவ்வளவுதான் இடைவெளி. இந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சேர்க்கும் செய்தி ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு, பிரான்ஸில் நடந்த மே மாதக் கொந்தளிப்பால் செப்டம்பருக்குத் தள்ளிப்போன பந்தயத்தில், பெத்ரோ ரோத்ரிகஸும் லூசியான் பியாங்கியும் ஓட்டி வென்றதும் இதே கார்தான். சேஸிஸ் எண் பி/1075. ஒரே கார் இரண்டு முறை லெமானை வென்றது என்பது அதன் பெருமை. ஆனால் பந்தயத்துக்குப் பந்தயம் எஞ்சினை இறக்கி வேறு எஞ்சினை ஏற்றுவது அக்காலக் குழுக்களுக்குச் சாதாரண வேலை. டயர், பிரேக், கிளட்ச், கண்ணாடியிழை உறைகள் எவையும் ஓராண்டு தங்குவதில்லை. அப்படியானால் இரண்டு முறை வென்றது எது? வெற்றி என்ற வினைக்கு உரிமை கொண்டாட அங்கே நிலையாக இருந்தது என்ன? வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். மறுபிறவியையும் வினைப்பயனையும் பேசிய மரபுகள் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொண்டை வறள வாதாடிய கேள்வியும் இதுதான்.

முதலில் அந்த வண்டி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபெராரி நிறுவனத்தை விலைக்கு வாங்கும் பேச்சு 1963இல் முறிந்ததும், லெமானில் அவர்களைத் தோற்கடிப்பதற்கென்றே ஃபோர்டு உருவாக்கிய கார் ஜிடி40. பெயரிலுள்ள 40, தரையிலிருந்து கூரை வரை அதன் உயரம் ஏறத்தாழ 40 அங்குலம் என்பதால் வந்தது. அதாவது நின்றுகொண்டிருக்கும் ஆளின் இடுப்பளவு. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, புள்ளிப் பற்றவைப்பால் இணைத்த தொட்டி போன்ற ஒரு கூடுதான் அதன் உடல். இருபுறமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிகளுக்குள் பெட்ரோல் பைகள். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் வி8 எஞ்சின். 1968இல் அதன் கொள்ளளவு 4.9 லிட்டர். அதற்குப் பின்னால் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் ஐந்து கியர் பெட்டி. எடை மிகுந்த பாகங்களையெல்லாம் இப்படி நடுவில் குவித்தால் வளைவுகளில் வண்டி சட்டென்று திரும்பும். எஞ்சினை நடுவில் வைப்பதன் காரணமே அதுதான். முன்னும் பின்னுமுள்ள பெரிய உறைகள் பாரம் தாங்குவதில்லை. பின்னுறையைத் தூக்கினால் எஞ்சின், கியர்பெட்டி, பின்சக்கரத் தாங்கிகள் எல்லாம் மெக்கானிக்கின் கைக்கு எட்டும். நெடுந்தூரப் பந்தயக் காரின் பொறியியலே இந்த எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. 1966இல் ஏழு லிட்டர் எஞ்சின் கொண்ட ஜிடி40 மார்க் 2 கார்களின் வேகத்தை அடக்கப் பிரேக் தட்டுகள் படாதபாடு பட்டன. ஃபில் ரெமிங்டன் என்ற பொறியாளர், பந்தயத்தின் நடுவிலேயே தட்டுகளை விரைவாகக் கழற்றி மாட்டும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார். தேய்ந்துபோகும் என்று தெரிந்தே வைத்து, தேய்ந்ததும் மாற்றிக்கொள்ள வழியும் செய்து வைத்த வண்டி இது. பாகங்கள் மாறுவது அதற்கு நேரும் விபத்து அல்ல, அதன் இயல்பு.

நாகசேனர் என்ற பிக்கு மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் கேட்டதாகப் பாலி நூலான மிலிந்த பஞ்ஹா சொல்லும் கேள்வி பலருக்கும் தெரிந்திருக்கும். நீ ஏறிவந்த தேர் எது? ஏர்க்காலா, அச்சா, சக்கரமா, சட்டமா? இல்லை. எல்லாம் சேர்ந்ததா? அதுவும் இல்லை. இவற்றுக்கு வெளியே வேறொன்றா? அதுவுமில்லை. அப்படியானால் தேர் என்பது வழங்குவதற்கான ஒரு பெயர் மட்டுமே, மனிதனும் அப்படியே. பழைய பந்தயக் கார்களின் சந்தை இந்த வாதத்தைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும். சந்தைக்கு ஓர் ஆன்மா தேவைப்படுகிறது. அந்த ஆன்மாவைச் சேஸிஸில், அதாவது அந்த எஃகுக் கூட்டில், கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். எஞ்சின் போகலாம், உறை போகலாம், கூடு மட்டும் அந்தக் கூடாக இருந்தால் கார் அந்தக் காரே என்பது எழுதாத சட்டம். ஏலப் பட்டியல்களில் சேஸிஸ் எண்ணுக்குக் கிடைக்கும் மரியாதை வேறெதற்கும் கிடைப்பதில்லை. ஆனால் எஃகுத் தகடு துருப்பிடிக்கும். பெட்ரோல் பைகளைச் சுற்றியுள்ள பெட்டிகளில் ஈரம் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். மோதினால் மடங்கும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தாக வேண்டும். நித்தியம் என்று நம்பிய பொருளும் மற்றப் பாகங்களைப் போலத் தேய்கிறது, கொஞ்சம் மெதுவாக.

இங்கே பலர் ஒரு தாவல் தாவிவிடுகிறார்கள். ஆன்மா இல்லையென்றால் மிஞ்சுவது பெயர்ப்பலகை மட்டுமே, எண்ணை யார் வைத்திருக்கிறாரோ அவரிடம் இருப்பதே கார் என்கிறார்கள். போலி செய்து விற்பவனுக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்காது. நாகசேனர் தேரோடு நின்றிருந்தால் அவரும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருப்பார். அதே நூலில் அவர் விளக்கைப் பற்றியும் பேசுகிறார், நம் கேள்விக்கு அதுவே முக்கியம். இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் நடுச்சாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றல்ல. அப்படியானால் ஒவ்வொரு சாமத்திலும் வெவ்வேறு விளக்கா எரிந்தது? அதுவுமில்லை, ஒன்றைப் பற்றி ஒன்றாகத் தொடர்ந்து எரிந்தது ஒரே விளக்கு. அடுத்து ஒரு மாங்காய்த் திருடனும் வருகிறான். தோட்டக்காரன் நட்டது வேறு கொட்டை, நான் பறித்தது வேறு பழம், ஆகவே நான் குற்றவாளி அல்ல என்கிறான் அவன். அரசனே அதை ஒப்புக்கொள்வதில்லை. நட்டதிலிருந்து வந்ததுதானே பறித்தது என்கிறான். தேர் வாதம் நிலையான பொருளைக் கலைக்கிறது. விளக்கும் மாங்காயும் தொடர்ச்சியை நிலைநிறுத்துகின்றன. என் துணிபு இதுதான்: பந்தயக் கார் நாகசேனரின் தேரைப் போன்றதல்ல, அவருடைய விளக்கைப் போன்றது. வெற்றிக்கு உரியது ஓர் உலோகக் கட்டி அல்ல. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை விளைந்து, இடையறாமல் வந்த ஓட்டம்.

இதற்கு எதிராக எழும் முதல் குரல் பொருளின் பக்கமிருந்து வருகிறது. அந்த இரவில் அங்கே இருந்த உலோகமே அந்த இரவுக்குச் சாட்சி, புதிதாக வைத்த தகடு எதையும் பார்க்கவில்லையே என்பது. எல்லாச் சமயங்களிலும் உள்ள நினைவுப்பொருள் வழிபாட்டின் உணர்வு இது. ஏளனம் செய்யத் தக்கதல்ல. இக்ஸ் பிடித்த ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவரின் உந்துதல் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அந்தக் கொள்கையைக் கடைசி வரை கொண்டுபோனால் என்னாகும்? நியாய வைசேடிக மரபினர் அப்படிக் கொண்டுபோனவர்கள். முழுப்பொருள் என்பது உறுப்புகளின் மேல் தங்கும் தனிப்பொருள் என்பது அவர்கள் கட்சி. ஆகவே துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய துணி அழிந்து புதிய துணி பிறந்தாக வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அஞ்சாத நேர்மை. அதைக் காருக்குப் பொருத்தினால், பந்தயம் தொடங்கிய கார் முதல் டயர் மாற்றத்திலேயே அழிந்துவிட்டது. கோட்டைக் கடந்தது வேறு கார். அப்போது பி/1075 இரண்டு முறை வென்றது என்ற பெருமை மட்டுமல்ல, ஒரு முறை வென்றது என்பதும் பொய்யாகிவிடும். பொருளைக் கெட்டியாகப் பிடித்தவர் எந்த வெற்றியைக் காப்பாற்றப் புறப்பட்டாரோ அதையே இழக்கிறார்.

பி/1075இன் உடன்பிறப்பான பி/1074 இன்னும் கடினமான சோதனை. அது ஜிடி40ஆகப் பிறக்கவே இல்லை. இங்கிலாந்தில் ஜான் வையரின் குழு கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவுடன் 1967இல் மிராஜ் என்ற பெயரில் சில கார்களைக் கட்டியது. ஜிடி40இலிருந்து வளர்ந்தவை, ஆனால் ஓட்டுநர் அறை ஒடுங்கி, கூரை மாறி, வேறு இனமாகப் பதிவானவை. அவற்றில் எம்.10003 என்ற கார் அந்த ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா 1,000 கிலோமீட்டர் பந்தயத்தை வென்றது. 1968இல் விதி மாறியது. முன்மாதிரிக் கார்களின் எஞ்சின் மூன்று லிட்டரைத் தாண்டக் கூடாது. குறைந்தது 50 எண்ணிக்கை கட்டப்பட்ட இனமானால் ஐந்து லிட்டர் வரை போகலாம். மிராஜுக்கு வழியில்லை, ஜிடி40க்கு உண்டு. ஆகவே எம்.10003 ஜிடி40ஆக மாற்றிக் கட்டப்பட்டுப் பி/1074 ஆனது, மான்ஸா பந்தயத்தில் வென்றது. 1970இல் ஸ்டீவ் மெக்வீன் நடித்த லெமான் திரைப்படத்துக்காகக் கேமராவைச் சுமக்க அதன் கூரையையே வெட்டி எடுத்தார்கள். பிறகு எப்போதோ கூரை மீண்டும் கட்டப்பட்டது. 2012இல் ஏலத்தில் அது 1 கோடியே 10 லட்சம் டாலருக்குப் போனது. உருவத்தையே அடையாளமாகக் கொள்பவர் இந்தக் காரில் மூன்று கார்களை எண்ண வேண்டியிருக்கும்: மிராஜ், ஜிடி40, கூரையற்ற கேமரா வண்டி. இனத்தைக் கொண்டு எண்ணினால் இரண்டு. கூடு மாறாதிருப்பதே அடையாளம் என்பவர், அந்தக் கூட்டையே வெட்டிய பிறகு என்ன சொல்வார்? வாங்கியவர் விலை கொடுத்தது இவை எவற்றுக்கும் அல்ல. ஸ்பாவில் வென்றதிலிருந்து மான்ஸாவில் வென்றது, அதிலிருந்து கேமரா வண்டி, அதிலிருந்து இப்போது நிற்பது என்ற பிறவிச் சங்கிலிக்குத்தான்.

சங்கிலி என்று சொல்லிவிட்டால் போதுமா, நகலும் ஒரு மூலத்திலிருந்து வந்ததுதானே என்று இப்போது யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். ஜிடி40க்கு நகல்கள் ஏராளம்; பெயருக்கு உரிமம் பெற்றவர்கள் 1980களில் புதிய வரிசையாகவே கட்டினார்கள். பழைய காரை அளந்து, அதே தகட்டில், அதே மடிப்பில் செய்தால் அதுவும் பழையதிலிருந்து விளைந்ததாகாதா? வேறுபாட்டைப் பட்டறையில் பார்க்கலாம். துருப்பிடித்த கூட்டைச் செப்பனிடுபவர் முதலில் அதைச் சட்டத்தில் இறுக்கிப் பூட்டுகிறார். அரித்துப்போன கீழ்ப்பெட்டித் தகட்டின் பற்றவைப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரிக்கிறார். தகடு கழன்று வந்ததும் அதன் விளிம்பு எங்கே பொருந்தியிருந்தது என்பதைக் காட்டும் தடம் பக்கத்துத் தகட்டில் மிஞ்சுகிறது. புதுத் தகடு வரைபடத்துக்கு எவ்வளவு சரியாக வெட்டப்பட்டிருந்தாலும் அந்தத் தடத்துக்குப் பொருந்துவதில்லை. ஏனென்றால் ஐம்பதாண்டுகளுக்கு முன் கையால் வைத்த தகடு வரைபடத்துக்குச் சரியாக இருந்ததில்லை. தட்டி, வளைத்து, அந்தக் காரின் கோணலுக்கே புதுத் தகட்டை இணங்க வைக்க வேண்டும். அதன் பிறகு பழைய தகடும் புதிய தகடும் ஒரே பாரத்தைச் சேர்ந்து தாங்குகின்றன. நகல் மூலத்திடமிருந்து அளவுகளை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. மூலத்தோடு சேர்ந்து ஒரு கல் தூரம்கூட அது பாரம் சுமந்ததில்லை. குருவின் நூலைப் படித்தவனுக்கும் குருவோடு இருந்து அவர் பொறுப்பை ஏற்றவனுக்கும் உள்ள வேறுபாடு இது. பரம்பரை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இரண்டாமவனிடம்தான் இருக்கிறது.

தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1655இல் வெளியிட்ட நூலில் கிளப்பிய சிக்கல் இதைவிடக் கூர்மையானது. கிரேக்கக் கதைகளின் வீரன் தீசியஸின் கப்பலில் பழைய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்திருந்து, அதே வரிசையில் பூட்டி இரண்டாவது கப்பலை எழுப்பினால் தீசியஸின் கப்பல் எது? தத்துவ வகுப்பில் இது கற்பனை. பழைய பந்தயக் கார் உலகில் இது வழக்கறிஞர் கட்டணம். மோதி மடங்கிய கூட்டைக் குழு மூலையில் போட்டுவிட்டு, புதுக் கூட்டில் அதே எண்ணோடு பந்தயத்தைத் தொடரும்; பல ஆண்டுகள் கழித்து அந்த மடங்கிய கூட்டை யாரோ வாங்கி நிமிர்த்தி, இதுதான் அசல் என்பார். என் கட்சிப்படி பந்தயத்தைத் தொடர்ந்த காரே அந்தக் கார். மூலையில் கிடந்த கூடு எந்த வேலையையும் ஏற்கவில்லை, அதன் நிலையிலிருந்து எதுவும் விளையவில்லை; பின்னர் எழுந்தது பழைய பொருளால் ஆன புதுத் தொடக்கம். ஆனால் இரண்டு கிளைகளும் ஓரளவு ஓடியிருந்தால்? கூட்டின் முற்பாதி ஒன்றிலும் பிற்பாதி மற்றொன்றிலும் போயிருந்தால்? அங்கே விடை இல்லை என்று ஒப்புக்கொள்வதே சரி. ஒரு சுடரிலிருந்து இரண்டு திரிகளை ஏற்றினால் எது பழைய சுடர் என்று கேட்பதில் பொருளில்லை. தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் மனிதர்களைப் பற்றியே இந்த முடிவுக்கு வந்தார்: முக்கியமானது தொடர்ச்சி, அதுவோ கூடலாம் குறையலாம், ஒன்றே என்ற தீர்ப்பு எப்போதும் கிடைத்தாக வேண்டியதில்லை.

நீதிமன்றத்துக்கு இந்த வசதி கிடையாது. 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் லெமானை வென்ற பென்ட்லி கார், ஓல்டு நம்பர் ஒன் என்ற செல்லப்பெயர் பெற்றது, லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு 1990இல் வந்தது. (பி/1075தான் இருமுறை வென்ற முதல் கார் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், இதன் எஞ்சின் முன்னால் இருந்தது என்பதுதான் வேறுபாடு.) ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்த தரப்பு, இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கியது. 1932இல் புரூக்லாண்ட்ஸ் பாதையில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபியின் உயிரைக் குடித்த விபத்துக்கு முன்பே அதற்கு எட்டு லிட்டர் எஞ்சின் ஏறியிருந்தது; வென்ற ஆண்டுகளின் பாகங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன. நீதிபதி ஆட்டன் வண்டியின் பாகங்களை எண்ணிப் பார்த்ததோடு நிற்கவில்லை. எந்தக் கட்டத்திலும் அறுபடாமல் வந்த வரலாற்றைப் பார்த்தார். வென்றபோது இருந்த வடிவில் உள்ள மூலம் என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் இடையறாத வரலாற்றின் வழி இதுவே ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்த்தார். அவர் மிலிந்த பஞ்ஹாவைப் புரட்டியிருக்க வாய்ப்பில்லை. சான்றுகள் ஒரு சட்டவல்லுநரை அங்கேயே கொண்டுபோய் விட்டன என்பது எனக்கு எந்தத் தத்துவ நூலின் ஒப்புதலையும் விட வலுவாகப் படுகிறது.

ஆனால் இந்தக் கட்சிக்கு உரிய மிக வலிய மறுப்பு தமிழிலேயே இருக்கிறது, அதைத் தவிர்த்துப் போக முடியாது. சமண நூலான நீலகேசி பௌத்தரை வாதுக்கு அழைக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சைவ நூலான சிவஞான சித்தியார், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கப் பகுதியில் பௌத்தரை மறுக்கிறது. செய்தவன் கணத்தில் அழிந்தான் என்றால் பயனைத் துய்ப்பவன் யார், வேறொருவன் துய்ப்பது எப்படி நீதியாகும் என்பது அந்த மறுப்பின் சாரம். சமணர் கேட்பது ஒரு திரவியம், தோற்றமும் அழிவும் தன்மேல் நடக்க, தான் நிலைத்திருக்கும் ஒன்று. சைவர் கேட்பது துய்க்கும் உயிர். காரைப் பொறுத்தவரை என்னால் அவர்களுக்குப் பதில் சொல்ல முடியும்: இந்த வண்டியில் நிலைத்திருக்கும் திரவியத்தைக் காட்டுங்கள், உலோகம் என்றால் அது மாறியது, வடிவம் என்றால் அதுவும் மாறியது, இருந்தும் வெற்றியை நாம் குழப்பமில்லாமல் அதன் கணக்கில் எழுதுகிறோம், ஆகவே வினைக்கு உரிமை சொல்ல நிலைப்பொருள் கட்டாயம் இல்லை. மனிதனைப் பொறுத்தவரை இந்தப் பதில் போதாது. கார் எதையும் துய்ப்பதில்லை. லெமான் வெற்றியின் இனிப்பு இக்ஸுக்கு இருந்தது, பி/1075க்கு இல்லை. துய்ப்பே இல்லாத இடத்தில் துய்ப்பவன் தேவையில்லை என்று காட்டியது பெரிய வெற்றி அல்ல. நிலையான ஆன்மா இல்லை என்ற அநான்ம வாதத்தை ஒரு காரைக் காட்டி நிலைநாட்ட முனைகிறவர் அருணந்தியிடம் அடிபடுவார். செயலின் பொறுப்பைச் சுமக்கத் தொடர்ச்சியே போதும் என்பது வரை காரின் சாட்சியம் செல்லும். துன்பத்தையும் அது சுமக்குமா என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

பந்தய விதி எழுதுகிறவர்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. 2000ஆம் ஆண்டு லெமானை வென்ற ஆடி ஆர்8 கார், கியர்பெட்டி, பின்சக்கரத் தாங்கிகள் உட்பட வண்டியின் பின்பகுதி முழுவதையும் ஒரே துண்டாகக் கழற்றி மாட்டும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. நான்கு நிமிடமோ ஐந்தோ ஆகும், புதுப் பின்பாதியோடு வண்டி பாதைக்குத் திரும்பிவிடும். எதிரணிகள் முணுமுணுத்தன. இப்படிப் பாதி காரை மாற்றினால் நெடுந்தூரப் பந்தயத்தில் தாக்குப்பிடித்தது எது என்ற முணுமுணுப்பு நியாயமானதே. பிற்பாடு கியர்பெட்டியின் கூட்டை மாற்றக் கூடாது என்று விதி வந்தது. இயற்கையில் கிடைத்த எல்லை அல்ல அது. ஒரு கூட்டம் மனிதர்கள் உட்கார்ந்து, இதற்கு மேல் மாற்றினால் தொடர்ச்சி என்று ஏற்க மாட்டோம் என்று கிழித்த கோடு. அடுத்த தலைமுறைக் கார்களுக்கு அதைத் திருத்தியும் எழுதலாம். ஆனால் கோட்டை எங்கே கிழித்தாலும் அவர்கள் பார்த்தது ஒன்றைத்தான்: மிஞ்சும் பாதி, வந்து சேரும் பாதியோடு சேர்ந்து அந்த இரவின் பாரத்தை இழுக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா என்று.